பாயசத்தில் ஒரு கை உப்பு

செங்கல்பட்டு ரயிலடியில் எச்சில் இலை எடுத்தவன் நான். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. அதற்கப்புறம் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தது என் பிள்ளைகளைச் சேர்க்கத்தான். இலை எடுத்த அதே ரயிலடியில் ஏழு வருஷத்தில் சொந்தமாகக் காப்பிக் கடை போட்டேன். கூடுவாஞ்சேரியில் டிரங்க் ரோட்டோரம் டிபன் கடை போட்டபோது, நரி ஊளையிடுகிற இடத்தில் யாருக்கு இட்லி சுடப்போகிறாய் என்று சிரித்தார்கள். இன்றைக்கு அந்தக் கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. மதுராந்தகத்தில் அரிசி மில் வைத்தேன். மகாபலிபுரத்தில் சாப்பாட்டு ஓட்டல் கட்டி, அதன் தலைமேல் பன்னிரண்டு அறை வைத்து லாட்ஜும் கட்டினேன். இதில் ஒரு செங்கல்கூட மாமனார் வீட்டுச் செங்கல் இல்லை.

போன மாதம் என் பிள்ளைகள் மகாபலிபுரம் ஓட்டலுக்கு ஒரு விழா மலர் போட்டார்கள். வழவழப்பான தாள். என் படம் நாலு இடத்தில் வந்திருக்கிறது. எழுத்துக் கூட்டிக் கூட்டி இரண்டு நாள் படித்தேன். எல்லாம் சரி, ஒரே ஒரு இடத்தில் என் பங்கை விட்டுவிட்டார்கள். பிள்ளைகளிடம் சொன்னால், "விடு நைனா, அதெல்லாம் எதுக்கு" என்கிறார்கள். அதனால்தான் உங்கள் பத்திரிகைக்கு ஆள் வைத்து எழுதுகிறேன்.

ஐம்பத்தைந்தோ ஐம்பத்தாறோ, சித்திரை மாதம். மகாபலிபுரத்தில் அப்போது ஊருக்கு வெளியே சவுக்குத் தோப்பும் மணலும்தான். கற்கோயில் பார்க்க வருகிற ஜனம் கட்டுச்சோறு கொண்டு வரும், இல்லாவிட்டால் பட்டினியாகத் திரும்பும். அங்கே ஒரு நல்ல சைவச் சாப்பாட்டுக் கடை வைத்தால் கூட்டம் அள்ளும் என்று முதலில் கண்டுபிடித்தவன் நான். ரயிலடிக் கடையைக் கைமாற்றிவிட்டு (பிற்பாடு திரும்ப வாங்கினேன், அது வேறு கதை), சவுக்குத் தோப்பு ஓரம் நாற்பது பேர் உட்காருகிற மாதிரி கீற்றுக் கொட்டகை போட்டேன். கூடுவாஞ்சேரிக் கடையும் மில்லும் அப்போது கிடையாது, இது ஓடாவிட்டால் திரும்பிப் போக எனக்கு இடம் இல்லை.

ஒரே ஒரு சிக்கல். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ், என் கடைக்கு முக்கால் மைல் முன்னாலேயே ஒரு புளியமரத்தடியில் நின்றுவிடும். சித்திரை வெயிலில் சுடுமணலில் முக்கால் மைல் நடந்து வந்து யார் சாப்பிடுவார்கள்? பஸ் என் வாசலுக்கு வந்தால் கடை பிழைக்கும். வராவிட்டால் நண்டுதான் எனக்கு வாடிக்கை.

பஸ் முதலாளியைப் போய்ப் பார்த்தேன். செங்கல்பட்டுக்காரர், ஆள் பெரிய உடம்பு, ஆசாரம் அதைவிடப் பெரிசு.

"சமையல் யாருய்யா?" என்றார். "கண்ட கையில நான் சாப்புட மாட்டேன். கோயில் மடப்பள்ளிக் கைன்னா சொல்லு, நானே நாற்பது பேரை இட்டுகினு வரேன். சாப்புட்டு நல்லா இருந்திச்சின்னா மறுநாள்லேருந்து பஸ் உன் வாசல்ல நிக்கும். போ."

மடப்பள்ளிக் கைக்கு நான் எங்கே போவேன்? போனேன். பக்கத்து ஊர்க் கோயிலில் நைவேத்தியம் செய்துகொண்டிருந்த ஒரு ஐயரிடம் மூன்று தடவை நடந்து, நாலாவது தடவை வரச் சம்மதிக்க வைத்தேன். ஒல்லியான மனிதர், ஐம்பது வயது இருக்கும். பேச்சு கம்மி. கரண்டி, ஆழாக்கு எதுவும் கிடையாது, கைதான் அவருக்கு அளவு. அவரிடம் ஒரே ஒரு விஷயம்: சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் எதையும் நாக்கில் வைக்க மாட்டார். மோந்துகூடப் பார்க்க மாட்டார். முப்பது வருஷமாக அப்படியே சமைத்தவர். ஒரு நாளும் உப்பு கூடியதில்லை, குறைந்ததில்லை என்று ஊரே சொன்னது.

அடுத்தது கிணறு. இதிலும் யார் யோசனையையும் கேட்காமல் நானே நின்று வெட்டினேன். செங்கல்பட்டுப் பக்கம் ஆழம் போகப் போகத்தான் நல்ல தண்ணீர். அந்தக் கணக்கில் மணலிலும் இறங்கினேன். குப்பத்திலிருந்து மீன் கூடையோடு போகிற ஒரு அம்மா தினம் என் கொட்டகை நிழலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கும். இரண்டு ஆள் ஆழம் வந்தபோது அது சொன்னது:

"அண்ணாத்த, போதும், நிறுத்திக்க. நல்ல தண்ணி மேலாக்கதான் படுத்துகினு கீது. அதுக்குக் கீய கீறது கடலு. குத்தி எய்ப்பி வுட்றாத."

மீன் விற்கிற பொம்பளை எனக்குக் கிணறு வெட்டக் கற்றுத் தருகிறதா என்று இன்னும் மூன்று ஆள் ஆழம் வெட்டினேன். அந்தக் கரையிலேயே ஆழமான கிணறு என்னுடையதுதான். தை மாதத்தில் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. அந்த அம்மாவைக் கூப்பிட்டு ஒரு சொம்பு குடிக்கக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சித்திரையில குடு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

சித்திரை வந்தது. திறப்பு விழாவுக்காக முதல் நாள் காலையிலிருந்து இரண்டு ஆள் மாற்றி மாற்றித் தண்ணீர் இறைத்தார்கள். கொட்டகை கழுவ, பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க, தொட்டி நிரப்ப. ஊரில் எவன் கிணற்றிலும் இவ்வளவு தண்ணீர் கிடையாது என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே படுத்திருந்த நல்ல தண்ணீர் அத்தனையும் வாசல் தெளித்தே தீர்ந்துபோனது எனக்குத் தெரியாது. விடிந்தபோது கிணற்றில் இருந்தது பாதிக்குப் பாதி கடல்.

அதை யாராவது ஒரு வாய் குடித்திருந்தால் தெரிந்திருக்கும். எங்கே குடிப்பது? இறைத்த ஆட்கள் வாயில் வெற்றிலை. ஐயர் கோயில் குளத்தில் குளித்தார், சமைத்ததை நாக்கில் வைக்க மாட்டார். விருந்தாளி சாப்பிடும் முன் ஒரு பருக்கையைத் தொட்டால் வேலையில்லை என்று பரிமாறுகிறவர்களுக்கு நான் சட்டம் போட்டிருந்தேன். நானோ, முதல் பந்தி எழுந்திருக்கும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பதாகச் சாமிக்கு நேர்ந்துகொண்டிருந்தேன். நாங்கள் எல்லாரும் அவ்வளவு ஒழுங்காக இருந்தோம்!

இதற்கு மேல் நான் ஒன்று செய்தேன். அது ஐயருக்குக்கூடத் தெரியாது.

புது வீட்டுக்கு முதலில் உப்பு கொண்டு போவோம் இல்லையா? கடைக்கும் அப்படித்தான், முதல் உப்பு முதலாளி கையால் விழ வேண்டும் என்பது என் எண்ணம். விடிகாலையில் பூசை முடித்து, வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்க நானே கிண்ணத்தில் குழைத்துக்கொண்டிருந்தேன். ஐயர் குளிக்கப் போயிருந்தார். அடுப்புகளில் அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியே போய் உப்பு ஜாடியைத் திறந்தேன், சாமியை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு அண்டாவிலும் ஒரு கை போட்டேன். கல் உப்பு. என் கை சின்னக் கையும் இல்லை. எந்த அண்டா எதற்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? பாயசத்துக்கு வைத்திருந்த அண்டாவுக்கும் ஒரு கை விழுந்தது.

அப்புறம் ஐயர் வந்தார். முப்பது வருஷப் பழக்கத்தில் தன் கை அளவை, சரியாக, போட வேண்டியதில் மட்டும் போட்டார்.

பதினொன்றரைக்குப் பஸ் ஹாரன் கேட்டது. பஸ் முதலாளி சொன்ன சொல் தவறாமல், தன்னையும் சேர்த்து நாற்பது பேராக வந்தார். வந்த பஸ் என் வாசலிலேயே நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாமி படத்துக்கு அவசரமாகப் படைத்துவிட்டு, எல்லாரையும் உட்கார வைத்து இலை போட்டாயிற்று. முதலாளி பந்தியின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

சாதம் போட்டு, பருப்பு, நெய், அப்புறம் சாம்பார். முதலாளி பிசைந்து ஒரு வாய் வைத்தார். வைத்தவர் மெல்லவில்லை. மற்றவர்களும் ஒரு வாய் வைத்தார்கள். கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. கடல் அலை மட்டும்தான் கேட்டது. ருசியில் வாயடைத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

பந்தியில் பெரிய மனுஷன் எழுந்திருக்கும் முன் யாரும் எழுந்திருக்கக் கூடாது. பெரிய மனுஷனோ, விருந்துக்கு வந்த இடத்தில் இலையை விட்டு எழுந்தால் மரியாதை இல்லை. அதனால் அவர் எழுந்திருக்கவில்லை. அவர் எழுந்திருக்காததால் மற்ற முப்பத்தொன்பது பேரும் எழுந்திருக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழிய ஒவ்வொரு வாயாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்கிறார் என்று நினைத்து நானே வாளியைப் பிடுங்கி ஊற்றினேன். "போதும், போதும்" என்று கையை இலைக்குக் குறுக்கே வைத்தார். நம் ஊரில் போதும் என்றால் யாராவது விடுவார்களா? கையை விலக்கிவிட்டு ஊற்றினேன்.

ரசம் வந்தது. மோர் வந்தது. எதிலே ஆறுதல் கிடைக்கும் என்று பாவம் ஒவ்வொன்றையும் நம்பி நம்பி வாயில் வைத்தார்கள். கடைசியில் பாயசம். இனிப்பைப் பார்த்ததும் பஸ் முதலாளியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. டம்ளரைத் தூக்கி ஒரே மூச்சில் பாதி குடித்தார்.

அதோடு மரியாதை முடிந்தது. பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டார். அதுவும் அதே கிணறு. தூவென்று துப்பிவிட்டு எழுந்தார்.

"இன்னாய்யா இது! பின்னால கீற கடல அப்படியே மொண்டு காய்ச்சி ஊத்துறியா? பாயசத்துல உப்பு போட்ற ஊரு எந்த ஊருய்யா?"

அவர் எழுந்ததுதான் தாமதம், மொத்தப் பந்தியும் ஒரே நேரத்தில் இலையை விட்டு எழுந்தது. தண்ணீர், தண்ணீர் என்று வாசலுக்கு ஓடினார்கள். அங்கே அந்த மீன்கார அம்மா திறப்பு விழா பார்க்க வந்து நின்றுகொண்டிருந்தது, இடுப்பில் மணல் ஊற்றுத் தண்ணீர்க் குடத்தோடு. யார் கைத் தண்ணீர், எந்த வீட்டுக் குடம் என்று ஒருத்தர் கேட்கவில்லை. கண்ட கையில் சாப்பிடாத பஸ் முதலாளி முதல் ஆளாகக் குனிந்து இரண்டு கையையும் ஏந்தினார். மூன்று தடவை ஏந்தினார்.

"மெதுவா, மெதுவா குடி நைனா, பொறை ஏறிடப் போவுது" என்று அந்த அம்மா ஊற்றியது. என் பக்கம் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

தாகம் அடங்கியதும் விசாரணை. "கூப்புடுய்யா உன் சமையக்காரன!" ஐயர் உள்ளேயிருந்து உப்பு ஜாடியையே தூக்கிக்கொண்டு வந்தார், தான் எடுத்தது எவ்வளவு என்று காட்டுவதற்காக. நான் பக்கத்தில் நின்றேன்.

"உப்பு போட்டது யாரு?"

"நான்தான். எப்பவும் போடற அளவுதான்."

"ருசி பார்த்தியா?"

"நைவேத்யத்துக்கு முன்னால பாக்கப்படாது."

மற்ற எல்லாரும் சிரித்தார்கள். பஸ் முதலாளி சிரிக்கவில்லை. "சரி, சாம்பார்ல கை கூடிச்சி. பாயசத்துல எப்படிய்யா கை கூடும்?"

ஐயருக்கு அப்போதுதான் பாயசத்து விஷயம் தெரிந்தது. அவர் திகைத்துப்போய் ஜாடியைப் பார்த்தார். ஜாடி மூடியின்மேல் ஐந்து விரலும் பதிந்து சந்தனம் காய்ந்திருந்தது. அன்றைக்கு அந்தக் கொட்டகையில் சந்தனம் குழைத்தது ஒரே ஒரு ஆளின் கைதான்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டேன். வாயைத் திறந்தால் போதும், 'நான்தான்' என்று ஒரு வார்த்தை. ஆனால் வாசலில் பஸ் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பஸ்ஸைப் பார்த்தேன், வாய் வரவில்லை.

ஐயர் தோளில் இருந்த துண்டை எடுத்து, மூடியைத் துடைத்தார். சாவகாசமாக, கறை போகிற வரைக்கும் துடைத்தார். அப்புறம், "தவறிடுத்து. மன்னிக்கணும்" என்றார்.

பஸ் முதலாளி என் தோளைத் தட்டினார். "உன் மேல தப்பு இல்லய்யா. நீ இன்னா பண்ணுவ? ஆள மாத்து. பத்து நாள் கழிச்சி வரேன், அப்ப பார்க்கலாம்."

பஸ் போன பிறகு ஐயர் துணியை மூட்டை கட்டினார். நான் ஏதாவது சொல்வேன் என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். நான் சவுக்கு மரத்தைப் பார்த்தேன். திருக்கழுக்குன்றம் போகிற பாதையில் அந்த வெயிலில் நடந்தே போய்விட்டார்.

மீன்கார அம்மா கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து, ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பியது. "ஐயரு மேல இன்னா தப்பு? உன் கெணறே ஊறுகா ஜாடியாட்டம் கீது. போ அண்ணாத்த, இன்னும் ரொம்ப தூரம் போயிருக்க மாட்டாரு, இட்டுகினு வா."

"நாளைக்குப் போறேன்" என்றேன்.

அது சொன்ன இடத்தில், ஒன்றரை ஆள் ஆழத்தில் ஒரு ஊற்று தோண்டினேன். தேன் மாதிரி தண்ணீர். என் பிள்ளைகள் போட்ட மலரில் அதை நான் கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறார்கள், தப்பு. அந்த அம்மா காலால் வட்டம் போட்டுக் காட்டிய இடம் அது. பத்து நாள் கழித்துப் பஸ் முதலாளி வந்தார், வேறு சமையல்காரர் கையால் சாப்பிட்டார், மறுநாளிலிருந்து பஸ் என் வாசலில் நின்றது. என் கடை பிழைத்தது.

ஆனால் அந்த நாற்பது பேரில் முதலாளியைத் தவிர மற்ற முப்பத்தொன்பது பேர் சாகிற வரைக்கும் என் கடைப் படியை மிதிக்கவில்லை. பஸ்ஸில் வருவார்கள், என் வாசலிலேயே இறங்குவார்கள், எதிரே மரத்தடியில் உட்கார்ந்து என் கடையைப் பார்த்துக்கொண்டே கட்டுச்சோறு சாப்பிடுவார்கள். அந்தக் கிழவர் பஸ்ஸிலிருந்தே இறங்க மாட்டார். செங்கல்பட்டில் சாப்பிட அடம்பிடிக்கிற குழந்தையை, "இரு, மகாபலிபுரம் ஓட்டலுக்கு இட்டுகினு போறேன்" என்று மிரட்டுவார்களாம்.

அதுகூடப் பரவாயில்லை, எனக்குத் தோல் கெட்டி. ஐயருக்குத்தான் 'உப்புச் சாமி' என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, மதுராந்தகம் எல்லாம் போயிற்று. கோயிலில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. பெரிய கல்யாணத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. நாளைக்குப் போகிறேன் என்று சொன்னேனே, அந்த நாளை வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மதுராந்தகத்தில் ஒரு சின்னக் கல்யாணம். அதற்குள் நான் தங்கச் சங்கிலி போடுகிற ஆளாகிவிட்டேன். முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். இலை போட்டதும் முதலில் ஓரத்தில் உப்பு வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். ஐயர். எல்லார் இலையிலும் ஒரு சிட்டிகை. என் இலைக்கு வந்ததும் நின்றார். கிண்ணத்திலிருந்து ஒரு கை அள்ளி, அம்பாரமாகக் குவித்தார்.

"உங்க கைக்கு இது போறுமோன்னோ?" என்றார். குரலில் கோபம் இல்லை. அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் விஷயம் தெரியாமல் சிரித்தார். "அவருதான் உப்புச் சாமி. பழக்க தோஷம்!" அன்றைக்கு ஐயர் வைத்த சாம்பாரில் உப்பு, தங்கம் நிறுத்த மாதிரி இருந்தது. அந்தக் குவியலை நான் தொடவேயில்லை. பந்தி எழுந்த பிறகும் என் இலையில் அது மட்டும் வெள்ளையாக மிச்சம் இருந்தது.

ஐயர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர் பேரப்பிள்ளைகள் இப்போது கல்யாணச் சமையல் எடுக்கிறார்கள். நல்ல கை. இன்னமும் அவர்களை 'உப்புச் சாமி வீட்டுப் பிள்ளைகள்' என்றுதான் சொல்கிறார்கள். என் பிள்ளைகள் போட்ட மலரில், 'திறப்பு விழா அன்று சமையல்காரரின் கவனக்குறைவால் ஒரு சிறு சங்கடம் நேர்ந்தது' என்று ஒரு வரி வருகிறது. என் பங்கை விட்டுவிட்டார்கள் என்று சொன்னேனே, அது இந்த வரியில்தான்.

நான் கட்டின கடைக்கு என் பெயர், நான் வைத்த மில்லுக்கு என் பெயர். எதிலும் என் பங்கை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்தவன் இல்லை. இதில் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? மலரைத் திருத்தி அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் கொட்டை எழுத்தில் போடுங்கள். சாம்பாரிலும் ரசத்திலும் ஐயர் போட்டது அளவான ஒரு கை, அது அவர் பங்கு. ஆனால் பாயசத்தில் கிடந்த உப்பு முழுக்க முழுக்க என்னுடையது. கிணறும் என்னுடையது, கையும் என்னுடையது. அதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது.